பாட்டுக்கும் கூலி உண்டு

ஆம்பூரில் என் கல்லூரித் தோழி ஒருத்தி இருக்கிறாள். பெண்களுக்கான செருப்பும் கைப்பையும் விற்கும் சிறிய கடை வைத்திருக்கிறாள். கடைக்குப் பின்னால் நீண்ட அறை ஒன்று. அங்கே நாலு தையல் மெஷின்கள், நாலு பெண்கள். பெரிய ஷூ தொழிற்சாலைகளுக்கு 'அப்பர்' தைத்துக் கொடுக்கிறார்கள். ஷூவின் மேல்பாகத்துக்கு அந்த வட்டாரத்தில் அப்படித்தான் பெயர். தேவாரம் பாடிய அப்பர் சுவாமிகள் மன்னிப்பாராக!

எப்போது போனாலும் அந்தக் கடையில் தோல் வாசனைக்கு முன்னால் பாட்டுச் சத்தம் வந்து வரவேற்கும். தோழியின் செல்போனிலிருந்து ஒரு சின்ன ஒலிபெருக்கிக்குப் பாட்டுப் போகும். அதன் தாளத்துக்கு மெஷின்கள் ஓடும். சென்ற மாதம் போனபோது பாட்டைக் காணோம். 'கடகட'வென்று மெஷின் சத்தம் மட்டுந்தான்.

"என்னடி இது, ஊமைக் கடையாக இருக்கிறதே!" என்றேன்.

அவள் பதில் பேசாமல் மேஜை டிராயரைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினாள். 'எங்களுக்கு உரிமையுள்ள பாட்டுக்களை உங்கள் வியாபார ஸ்தலத்தில் அனுமதியில்லாமல் ஒலிக்கச் செய்கிறீர்கள். லைசென்ஸ் பெறாவிட்டால் சட்டப்படி நடவடிக்கை எடுப்போம்' என்று கண்டிருந்தது.

"மாதம் தவறாமல் பணம் கட்டித்தான் இந்தப் போனில் பாட்டுக் கேட்கிறேன். நான் என்ன திருட்டுப் பாட்டா போடுகிறேன்? இன்னும் யாருக்குப் பணம் கொடுக்க வேண்டுமாம்?" என்று படபடத்தாள். பின்னறையிலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "பாட்டு இல்லாம பொழுதே நகர மாட்டேங்குதுக்கா!" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை. சென்னைக்குத் திரும்பியதும் சட்டம் படித்தவர்களிடம் கேட்டேன்; புத்தகங்களையும் புரட்டினேன். என் தோழியைப் போலத் தையற்கடை, அழகு நிலையம், சிற்றுண்டிச் சாலை என்று நடத்தும் சகோதரிகள் எத்தனையோ பேர்! அவர்களுக்கும் உபயோகப்படட்டும் என்று தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதல் விஷயம். தோழி மாதாமாதம் கட்டும் பணம் அவளுடைய சொந்தக் காதுக்குத்தான். பாட்டுத் தரும் அந்தக் கம்பெனிகளின் நிபந்தனைகளில், சொந்த உபயோகத்துக்கு மட்டுமே என்று எழுதியிருக்கிறது. நாம்தான் படிப்பதில்லை! வீட்டுக் காஸ் சிலிண்டரை ஓட்டலில் வைத்துச் சமைத்தால் ஒப்புக்கொள்வார்களா? நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ல் நிறைவேறி, 1958 ஜனவரி 21 முதல் அமலில் இருக்கிறது. பாட்டைப் பொதுமக்கள் கேட்கும்படி செய்வது அந்தச் சட்டப்படி தனி உரிமை. வாடிக்கைக்காரர்கள் வந்து போகும் கடை பொது இடந்தானே?

இது புதிய வழக்கமும் அல்ல. 1847-ல் பாரிஸ் நகரத்தில் எர்னெஸ்ட் பூர்ஷே என்ற பாட்டாசிரியர் ஒரு காப்பி ஹோட்டலில் உட்கார்ந்திருந்தார். அங்கே பாடிக்கொண்டிருந்தது அவருடைய பாட்டு. சர்க்கரைத் தண்ணீர் குடித்ததற்குப் பில் வந்தது. "என் பாட்டுக்கு நீங்கள் பணம் தரவில்லை, உங்கள் தண்ணீருக்கு நான் ஏன் தரவேண்டும்?" என்கிற நியாயத்தில் பணம் தர மறுத்துவிட்டார்! விவகாரம் கோர்ட்டுக்குப் போயிற்று. பாட்டாசிரியர் ஜயித்தார். அதன் பலனாக 1851-ல் பாட்டுக்காரர்களுக்காகப் பணம் வசூலிக்கும் சங்கம் ஒன்று அங்கே ஏற்பட்டது. அது இன்றும் நடக்கிறது.

"கடைக்குச் சரி. பின்னறையில் வேலை செய்கிறவர்கள் கேட்டால் கூடவா?" என்று தோழி கேட்டாள். இதற்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. யுத்த காலத்தில் இங்கிலாந்தில் தொழிலாளர்களின் அலுப்புத் தீர தொழிற்சாலைகளில் பாட்டுப் போட்டார்கள். அதுவும் பொது இடத்தில் பாட்டை ஒலிக்கச் செய்வதுதான் என்று 1943-ல் அந்த நாட்டுக் கோர்ட் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

"பாட்டு எழுதினவர்கள் படத்துக்கு எழுதிப் பணம் வாங்கியாயிற்றே? நான் கொடுப்பது யார் பைக்குப் போகும்?" என்பது அவளுடைய அடுத்த கேள்வி. மிகவும் நியாயமான கேள்வி. வெகு காலம் வரை இதற்கு நல்ல பதில் கிடையாது.

கவிகளும் இசையமைப்பாளர்களும் தங்கள் பாட்டுக்குரிய பணத்தை வசூலிக்க 1969-ல் ஐ.பி.ஆர்.எஸ். என்ற சங்கம் தொடங்கப்பட்டது. படத் தயாரிப்பாளர்கள் எதிர்த்தார்கள். 1977-ல் சுப்ரீம் கோர்ட் தயாரிப்பாளர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. படத்துக்காகக் கூலி கொடுத்துப் பாட்டு வாங்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை அதன் உரிமை தயாரிப்பாளருக்கே என்பது தீர்ப்பின் சாரம். பாட்டு நாடெங்கும் பட்டிதொட்டிகளில் ஒலித்தாலும், எழுதியவருக்கு முதல் நாள் வாங்கிய கூலியோடு சரி!

இந்த நிலை மாற முப்பத்தைந்து வருஷங்கள் ஆயின. இந்தி சினிமாப் பாட்டாசிரியர் ஜாவேத் அக்தர் ராஜ்யசபை அங்கத்தினராக இருந்துகொண்டு இதற்காக வாதாடினார். 2012-ல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது பாட்டு எழுதியவரும் மெட்டமைத்தவரும் தங்கள் பங்கை எழுதிக்கொடுத்துவிட நினைத்தாலும் முடியாது. சினிமாக் கொட்டகையில் படத்தோடு ஓடுவதைத் தவிர, பாட்டை வேறு எப்படி உபயோகித்தாலும் வருகிற பணத்தில் அவர்களுக்குச் சமபங்கு உண்டு. அவர்களுக்குப் பின் வாரிசுகளுக்கு உண்டு. செருப்புக் கடையில் ஒலிக்கும் பாட்டும் இதில் சேர்த்திதான்.

இதைச் சொன்னபோது தோழி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "எங்கள் தொழிலும் அப்படித்தானே? பச்சைத் தோல் விற்றவர், பதனிட்டவர், சாயம் ஏற்றியவர், வெட்டியவர், தைத்தவர் என்று ஒரு ஜோடியில் எத்தனை பேர் கூலி இருக்கிறது! ஒருவரை விட்டால்கூட நாங்கள் சண்டைக்குப் போவோமே!" என்றாள்.

ஆனால் கடிதம் வந்தது என்பதற்காகக் கேட்ட தொகையை உடனே எடுத்து நீட்டிவிட வேண்டியதில்லை. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. சொல்லும் மெட்டும் ஒன்று. அதைப் பாடிப் பதிவு செய்த ஒலிப்பதிவு மற்றொன்று. முதலாவதற்கு லைசென்ஸ் தருவது ஐ.பி.ஆர்.எஸ்.; 2017-ல் அது மறுபடி அரசாங்கப் பதிவு பெற்றது. இரண்டாவதற்கு, 1941-ல் தொடங்கிய பி.பி.எல். முதலிய வேறு நிறுவனங்கள் இருக்கின்றன. ஆகவே ஒரு ரசீது வாங்கிவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

பதிவு பெற்ற சங்கமாக இல்லாதவர்கள் இப்படி லைசென்ஸ் வியாபாரம் செய்யலாமா என்பதில் ஹைகோர்ட்டுகளுக்குள்ளேயே அபிப்பிராய பேதம் உண்டு. கூடாது என்று சென்னை ஹைகோர்ட் 2021-ல் சொன்னது. உரிமையைத் தன் பெயரில் எழுதி வாங்கியிருந்தால் செய்யலாம் என்று பம்பாய் ஹைகோர்ட் 2024-ல் சொன்னது. எனவே கடிதம் அனுப்பியவரிடம் மூன்று விஷயங்களை எழுத்து மூலம் கேளுங்கள்: பதிவு பெற்ற சங்கமா, எந்தெந்தப் பாட்டுக்கள் அவர்களுடையவை, அதற்கு என்ன ஆதாரம். பதிவு பெற்ற சங்கம் தன் கட்டண விகிதத்தை வெளியிட்டே ஆகவேண்டும் என்பது சட்டம். உங்கள் கடையின் வகைக்கும் அளவுக்கும் என்ன கட்டணம் என்று அதில் பார்த்துக்கொள்ளலாம். கடிதத்தைக் குப்பையில் மட்டும் போட்டுவிடாதீர்கள். தெரிந்தே செய்த குற்றம் என்று ருசுவானால், ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதமும் சட்டத்தில் இருக்கின்றன.

"பழைய பாட்டாகப் போட்டால் தப்பிக்கலாமா?" என்று கேட்பீர்கள். பாதிதான் தப்பலாம்! ஒலிப்பதிவின் உரிமை, அது வெளியானதற்கு அடுத்த வருஷத்திலிருந்து 60 ஆண்டுகள். 'பாசமலர்' வெளிவந்தது 1961-ல். அதன் ஒலிப்பதிவு உரிமை 2021-ஓடு முடிந்தது. ஆனால் சொல்லுக்கும் மெட்டுக்கும் உள்ள உரிமை, ஆக்கியவர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் தொடரும். கண்ணதாசன் மறைந்தது 1981-ல். அவர் வரிகளுக்கு 2041 முடியும் வரை உரிமை உண்டு.

மகாகவி பாரதியின் பாட்டுக்கள் விதிவிலக்கு. அவற்றின் ஒலிப்பதிவு உரிமையை ஏவி. மெய்யப்பன் விலைக்கு வாங்கி வைத்திருந்தார். 'பாரதி நாட்டின் சொத்து' என்று தமிழ்நாடே குரல் எழுப்பியது. அவர் உரிமையை விட்டுக்கொடுத்தார். 1949-ல் சென்னை அரசாங்கம் பாரதி நூல்களின் உரிமையை எடுத்துக்கொண்டு, பிறகு எல்லோருக்கும் பொதுவாக்கியது. பாரதியின் வரிகளை இன்று யாரும் பாடலாம். ஆனால் இந்தக் காலத்தில் ஒருவர் புது மெட்டில் பாடிப் பதிவு செய்திருந்தால், அந்த மெட்டும் பதிவும் அவர்களுடையவை.

கல்யாண வீட்டார் கவலைப்பட வேண்டாம். மதச் சடங்குகளிலும், கல்யாண ஊர்வலத்திலும், கல்யாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களிலும் பாட்டுப் போடுவது குற்றமாகாது என்று சட்டமே சொல்லியிருக்கிறது.

போன வாரம் தோழியிடமிருந்து போன் வந்தது. கடிதம் எழுதியவர்களிடம் விவரம் கேட்டு எழுதியிருக்கிறாளாம். பதில் வரும்வரை அவர்கள் பாட்டு எதுவும் போடுவதில்லை. ஐ.பி.ஆர்.எஸ். லைசென்ஸுக்கும் மனுப் போட்டாயிற்று. வாடகை, மின்சாரம், நூல், பசை என்று எழுதும் கணக்கு நோட்டில் 'பாட்டு' என்று புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது.

"அதுவரை பொழுது எப்படிப் போகிறது?" என்று கேட்டேன்.

"கேளேன்!" என்று போனை மெஷின் பக்கம் திருப்பினாள். 'கடகட' சத்தத்துக்கு நடுவே, பின்னறைப் பெண்கள் நாலு பேரும் தங்கள் சொந்தக் குரலில் பாடிக்கொண்டிருந்தார்கள். சுருதி கொஞ்சம் விலகித்தான் இருந்தது.

"லைசென்ஸ் சீக்கிரம் வரவேண்டும் என்று நானும் பிரார்த்திக்கிறேன்" என்றேன்.