கார்பன் நானோகுழாய்: உலைக்குள் போறதுக்கு முன்பே தரம் முடிவாவது எப்படி?

கீழடி பானை ஓடுகளின் கருப்புப் பூச்சில் கார்பன் நானோகுழாய்கள் இருப்பதாக வேலூர் விஐடி ஆய்வாளர்கள் அடங்கிய குழு 2020 நவம்பரில் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் எழுதியது. தாவரச் சாறு எதையாவது பூசிச் சுட்டிருக்கலாம் என்பது அவர்களின் யூகம். அப்போ நானோ டெக்னாலஜி அன்றே நமக்குத் தெரியுமா? கொஞ்சம் பொறுங்க. கார்பனும் கடும் சூடும் சேர்ந்தால் இந்தக் குழாய் தற்செயலாகவும் உருவாகலாம். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வளர்ப்பதுதான் கஷ்டம்.

எப்படி வளருது?

கார்பன் உள்ள வாயுவைச் சூடான உலைக்குள் விடுவார்கள். உள்ளே இரும்பு, கோபால்ட் போன்ற உலோகத்தின் நுண்துகள்கள் வினையூக்கியாக இருக்கும். அதன் மேல் வாயு உடைந்து, பிரியும் கார்பன் குழாயாக வளரும். 1 நானோமீட்டர் அளவு குட்டித் துகள் என்றால் மெல்லிய ஒற்றைச் சுவர் குழாய். துகள் பெருத்தால் பல சுவர் கொண்ட தடித்த குழாய். நாற்றங்காலிலேயே பாதி விளைச்சல் முடிவாகிடுது.

அமெரிக்காவின் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் உருவான 'கோமோகேட்' முறையைப் பார்த்தால் இது புரியும். கோபால்ட், மாலிப்டினம் உப்புகளைத் தண்ணீரில் கரைத்து, சிலிக்கா தூளில் ஊறவைத்து, காயவைத்து, காற்றில் சுடுவார்கள். இதில் மாலிப்டினம்தான் கோபால்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். உலையில் கார்பன் மோனாக்சைடு படும்போது கோபால்ட் கொஞ்சம் கொஞ்சமாக விடுபட்டுக் குட்டித் துகள்களாகும். கலவையில் கோபால்ட் கூடிப்போனால் பிடிக்க ஆள் இருக்காது. சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய உருண்டையாகிவிடும். அதே வாயு, அதே உலை, ஆனா வர்றது வேற சரக்கு!

துகள் சரியாக அமைந்தாலும் கார்பன் படிந்து சீக்கிரமே மூடிவிடும். 2004-ல் ஜப்பானின் ஏஐஎஸ்டி ஆய்வுக் குழு வாயுவோடு துளியளவு நீராவி சேர்த்தது. 10 நிமிடத்தில் 2.5 மில்லிமீட்டர் உயரத்துக்குக் குழாய்கள் காடு போல வளர்ந்தன.

பேட்டரிக்கு என்ன சம்பந்தம்?

மின்சார வாகனங்களில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரியின் மின்முனைகளில், மின்சாரம் தடையில்லாமல் ஓட இந்தக் குழாய்களைக் கலக்கிறார்கள். குழாயோடு ஒட்டி வரும் இரும்புத் துகள் உள்ளே போனால் ஷார்ட் சர்க்யூட் ஆகும் ஆபத்து உண்டு. அதனால் அமிலத்தில் கழுவியோ கடும் சூட்டில் வைத்தோ உலோகத்தை நீக்கணும், அதுக்குத் தனிச் செலவு. வினையூக்கியைப் பக்குவமாகத் தயாரித்தால் கொஞ்ச உலோகத்திலேயே நிறைய குழாய் வளரும், கழுவ வேண்டியதும் குறையும்.