பப்ஜி டூ பிஜிஎம்ஐ: தடைக்குப் பிறகு என்னதான் மாறுச்சு? பெற்றோர் கவனிக்க வேண்டியது என்ன?

"பப்ஜியைத்தான் தடை பண்ணிட்டாங்களே, அப்புறம் பையன் என்ன விளையாடுறான்?" பல வீடுகளில் இன்னும் கேட்கும் கேள்வி இது. பதில் ரொம்ப சிம்பிள்: அதே ஆட்டம், வேற பேரு.

எப்படி ஆரம்பிச்சது?

தென் கொரியாவின் புளூஹோல் நிறுவனம் 2017 மார்ச்சில் கம்ப்யூட்டருக்கான சோதனைப் பதிப்பாக பப்ஜியை வெளியிட்டது. 100 பேர் பாராசூட்டில் ஒரு தீவில் குதிப்பார்கள். கிடைக்கும் ஆயுதத்தை எடுத்துச் சண்டை போட வேண்டும். கடைசி வரை தாக்குப்பிடிப்பவருக்கே வெற்றி. 2018 மார்ச்சில் சீனாவின் டென்சென்ட் மூலம் இது மொபைலுக்கு வந்தது. டவுன்லோடு இலவசம், நம்ம ஊரில் டேட்டாவும் மலிவு. அதனால் காட்டுத்தீ மாதிரி பரவியது.

தடை எதற்கு?

கல்வான் மோதலுக்குப் பிறகு, 2020 செப்டம்பர் 2-ம் தேதி பப்ஜி உட்பட 118 ஆப்களை மத்திய அரசு முடக்கியது. பிள்ளைகள் அடிமையாகிறார்கள் என்பது இதற்குக் காரணம் இல்லை. நாட்டின் பாதுகாப்பும் பயனர்களின் தகவல்களும்தான் காரணமாகச் சொல்லப்பட்டன.

திரும்பி வந்தது எப்படி?

இந்திய உரிமையை டென்சென்ட்டிடம் இருந்து கொரியாவின் கிராஃப்டான் திரும்ப எடுத்துக்கொண்டது. 2021 ஜூலை 2-ல் 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா', அதாவது பிஜிஎம்ஐ வெளியானது. 2022 ஜூலையில் அதுவும் ஆப் ஸ்டோர்களில் இருந்து நீக்கப்பட்டது. 2023 மே மாதம், 3 மாத சோதனை அனுமதியோடு மீண்டும் வந்தது.

என்ன மாறியது?

ரத்தம் பச்சை நிறமானது. 18 வயதுக்குக் கீழே இருந்தால் தினமும் 3 மணி நேரம், பெரியவர்களுக்கு 6 மணி நேரம் என்று வரம்பு வந்தது. சிறுவர்கள் ஆட பெற்றோரின் போன் நம்பர் வழியாக அனுமதி வேண்டும்.

ஓட்டை இங்கேதான். ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூரோ, சென்னையோ, குடும்பத்துக்கே ஒரு போன் இருக்கும் வீட்டை யோசிச்சுப் பாருங்க. அப்பாவுக்கு வர வேண்டிய ஓடிபி, பையன் கையில் இருக்கும் அதே போனுக்குத்தான் வரும்!

புது சட்டங்கள் தடுக்காதா?

2025 பிப்ரவரியில் வந்த தமிழக அரசின் விதிமுறைகளும், அதே ஆண்டு ஆகஸ்ட்டில் வந்த மத்திய அரசின் சட்டமும் குறிவைப்பது பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத்தான். பிஜிஎம்ஐ-யில் பந்தயம் கிடையாது. ஆனால், உடை, துப்பாக்கி ஸ்கின் வாங்க நிஜப் பணம் செலவாகும்.

என்ன செய்யலாம்?

ப்ளே ஸ்டோரில் எதை வாங்கினாலும் பாஸ்வேர்டு கேட்கும்படி செட் பண்ணுங்க. யுபிஐ பின் நம்பரை பிள்ளைகளிடம் சொல்லாதீங்க. போனின் 'டிஜிட்டல் வெல்பீயிங்' வசதியில் ஒவ்வொரு ஆப்புக்கும் நேர வரம்பு வைக்கலாம். முக்கியமா, ஆட்டத்தில் பையன் என்ன வயது கொடுத்திருக்கான்னு ஒருமுறை கேளுங்க. அந்த 3 மணி நேர வரம்பே அதை வச்சுத்தான்.