முதலில் கணவரின் அறிக்கை எங்கே?



கள்ளக்குறிச்சியில் எங்கள் உறவுக்காரப் பெண் ஒருவர். நிக்காஹ் முடிந்து நான்கு ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை. சேலத்திலும் புதுச்சேரியிலும் அவருக்குச் செய்த இரத்தப் பரிசோதனைகள், ஸ்கேன்கள் எல்லாம் சேர்ந்து ஒரு தடித்த கோப்பாகியிருக்கின்றன. கருக்குழாயில் மருந்தைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கும் வேதனையான சோதனையும் முடிந்துவிட்டது. அந்தக் கோப்பு முழுவதையும் புரட்டிப் பார்த்தேன். கணவரின் பெயரில் ஒரு தாள்கூட இல்லை. இப்போது குடும்பத்தார் அவருக்கு இரண்டாம் நிக்காஹ் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

இதை விதி என்று சொல்லி மூடிவிட முடியாது. இது அநீதி.

அஷ்ஷூரா அத்தியாயத்தின் 49, 50 ஆகிய வசனங்களை நினைவுகூருங்கள். தான் நாடியோருக்குப் பெண்மக்களையும், நாடியோருக்கு ஆண்மக்களையும், சிலருக்கு இருவரையும் தருவதாகவும், நாடியோரைப் பிள்ளைப்பேறு அற்றவராக ஆக்குவதாகவும் அல்லாஹ் கூறுகின்றான். அங்கே பெண்களை மட்டும் பிரித்துச் சொல்லவில்லை. ‘அகீம்’ என்ற அரபுச் சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவானது. ‘மலடி’ என்று பெண்பாலில் மட்டும் பேசிப் பழகியது நம் நாக்குதான். ஸகரிய்யா (அலை) அவர்கள் மர்யம் அத்தியாயத்தில் தம் இறைவனிடம் முறையிடும்போது, மனைவியின் நிலையைச் சொன்னதோடு தம் முதுமையையும் சேர்த்தே சொன்னார்கள். ஒரு நபி தம்மையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். நம் மாப்பிள்ளைகள் ஏன் தயங்க வேண்டும்?

“எனக்கு ஆண்மைக் குறை இல்லையே” என்பதுதான் வழக்கமான பதில். தாம்பத்திய வலிமை வேறு, விந்தணுக்களின் நிலை வேறு. விந்தில் ஓர் உயிரணுகூட இல்லாதவரும் வெளிப்பார்வைக்கு முழு நலத்தோடு இருப்பார். விதைப்பையில் நரம்பு புடைத்திருப்பது, பருவமடைந்த பின் வந்த புட்டாளம்மை விதைகளைத் தாக்கியது, உடற்பயிற்சிக் கூடத்தில் போட்டுக்கொண்ட ஹார்மோன் ஊசி எனக் காரணங்கள் பல. குழந்தையில்லாத தம்பதியரில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆணின் பங்கும் இருப்பதாக மருத்துவம் சொல்கிறது. அப்படியிருக்க மனைவியை மட்டும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது பாதிக் கேள்வியோடு விடை தேடுவதாகும்.

விந்துப் பரிசோதனைக்குக் கத்தியும் இல்லை, ஊசியும் இல்லை, செலவும் குறைவு. 2 முதல் 7 நாள் விலகியிருந்து மாதிரி கொடுக்க வேண்டும். ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி அணுக்கள், அவற்றில் நூற்றுக்கு 42 அசைவுடையவை என்பது 2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கையேட்டின் கீழ் எல்லை. அதற்குக் குறைந்தாலே தீர்ப்பாகிவிடாது. அணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் ஆவதால், கடும் காய்ச்சல் வந்து போனவர் மூன்று மாதம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும்.

மாதிரி எடுப்பதில் மார்க்கச் சங்கடம் இருப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். மனைவியின் துணையோடு வீட்டிலேயே எடுக்கலாம். உடற்சூடு குறையாமல் ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வுக்கூடத்தில் சேர்த்தால் போதும். கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வருபவர்க்கு அது இயலாது. அவர்கள் ஆய்வுக்கூடத்திலேயே தனியறை கேட்கலாம். கணவன் மனைவி இருவருடைய அணுக்களை மட்டும், மணவாழ்வு நீடிக்கும்போது இணைப்பதற்கு 1986இல் அம்மானில் கூடிய ஃபிக்ஹ் அகாடமியே தக்க எச்சரிக்கையோடு இடமளித்திருக்கிறது. மூன்றாமவரின் அணுவையும் கருப்பையையும்தான் தடுத்தது. சிகிச்சைக்கே வழி திறந்திருக்க, காரணத்தைக் கண்டறியும் சோதனைக்கு மட்டும் எப்படிக் கதவு அடைபடும்?

இன்னொன்று, வளைகுடாக் கணக்கு. கருத்தரிக்கவில்லை என்று மருத்துவம் ஆராயத் தொடங்குவது தம்பதியர் 12 மாதம் இடைவிடாது சேர்ந்து வாழ்ந்த பிறகு. பெண் 35 வயதைத் தாண்டியிருந்தால் 6 மாதம். இரண்டு ஆண்டுக்கொரு முறை இரண்டு மாத விடுப்பில் வருபவரின் நான்காண்டு மணவாழ்க்கையைக் கூட்டிப் பாருங்கள். நான்கைந்து மாதம்தான் தேறும். அதற்குள் பட்டம் கட்டியாகிவிட்டது! விடுப்பில் வந்த முதல் வாரத்திலேயே பரிசோதனையை முடித்துக்கொள்ளுங்கள், சகோதரரே. விருந்துகள் பிறகு இருக்கட்டும்.

முன்போலத் தொலைதூரம் அலையவும் வேண்டாம். சிறுவங்கூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்குள்ள மகப்பேறு மருத்துவரிடம் இருவரும் சேர்ந்தே செல்லுங்கள். மனைவியின் தைராய்டு, கருமுட்டை வெளியேற்றம், நம் நாட்டில் கருக்குழாயை அடைக்கும் காசநோய் எல்லாம் பார்க்கப்பட வேண்டியவையே. அவரைச் சோதிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அவரை மட்டும் சோதிக்காதீர்கள் என்கிறேன்.

ஜமாஅத் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். குழந்தையின்மையைக் காரணம் காட்டித் தலாக்கோ மறுமணமோ பேச உங்களிடம் ஒரு குடும்பம் வந்தால், பெண்ணின் கோப்பை ஓரமாக வைத்துவிட்டுக் கணவரின் அறிக்கையைக் கேளுங்கள். அது இல்லையென்றால் அன்றைய பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள். குறை அவரிடமே இருந்தால், இப்போது ஒரு வீட்டில் அழும் பெண்ணுக்குத் துணையாக நாளை இன்னொரு வீட்டின் பெண்ணும் அழுவாள். அந்த நிக்காஹ் பதிவேட்டில் உங்கள் கையெழுத்தும் இருக்கும்.