மாடிப்படிக்கு அடியில் ஒரு ஸைக்கிள்

உங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில் என்ன கிடக்கிறது? கால் ஒடிந்த நாற்காலியா, ஓட்டைக் குடமா, துருப்பிடித்த ஸைக்கிளா? ஸைக்கிள் என்றால், பழைய இரும்புக்காரரைக் கூப்பிடுமுன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

வேளச்சேரியில் எங்கள் வீட்டிலும் ஒன்று கிடந்தது. அம்பத்தூரில் செய்த ஹெர்குலிஸ். குறுக்கே பார் வைத்த ஆண்கள் ஸைக்கிள். 2015 டிசம்பரில் எங்கள் பக்கத்துத் தெருக்களில் படகு விட்டார்களே, அந்த வெள்ளத்தில் கைப்பிடி வரை மூழ்கியது. தண்ணீர் வடிந்தது, துரு ஏறியது. "எடைக்குப் போட்டால் இடமாவது மிஞ்சும்" என்பார் என் வீட்டுக்காரர். "ஆகட்டும், பார்க்கலாம்" என்று நான் தட்டிக் கழிப்பேன். காரணம் சொல்ல வெட்கம்!

நான் புதுக்கோட்டைப் பக்கத்துக்காரி. 1991-ல் அங்கே அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு ஸைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அதற்கு முன் நின்றார். 1992 மகளிர் தினத்தில் 1,500-க்கும் அதிகமான பெண்கள் ஸைக்கிள் விட்டார்கள். பெண்கள் ஸைக்கிளுக்கு ஏகத் தட்டுப்பாடு. ஆண்கள் ஸைக்கிளிலேயே ஏறினார்கள். பிறகு சிலர் அதுவே சௌகரியம் என்றார்கள். பாரில் குழந்தையை உட்கார வைக்கலாம் அல்லவா!

அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. சின்ன வயதில் குரங்குபெடல் போடக்கூட விடாத என் அப்பா, அன்று இதே ஹெர்குலிஸின் கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தார். எந்த இடத்தில் கையை விட்டார் என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. அவரும் இப்போது இல்லை.

போன மாதம் என் மகன் மலைப்பாதையில் ஓட்டும் ஸைக்கிள் ஒன்று வாங்கி வந்தான். விலையைக் கேட்டு மயக்கம் போடாத குறை. "இதன் பாட்டன் யார் தெரியுமா அம்மா? பழைய ஸைக்கிள்தான்" என்றான். 1970-களில் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் டமல்பாயிஸ் மலையடிவாரத்து இளைஞர்கள், 1930-களிலும் 40-களிலும் செய்த கனமான ஸைக்கிள்களைத் தேடிப் பிடித்து, பழுது பார்த்து, மலைச்சரிவில் விட்டார்களாம். இறங்குவதற்குள் பிரேக் சூடேறி, உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்துவிடும். ஒவ்வொரு தடவையும் பிரித்து மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் 1976-ல் தொடங்கிய பந்தயத்துக்கே 'ரீபேக்' என்று பெயர். மறு வருஷம் ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே புதுச் சட்டம் செய்தார். அந்தக் காலத்து மலை ஸைக்கிள்களை இன்று பொக்கிஷமாகச் சேர்க்கிறார்களாம்.

கதையை முடித்துவிட்டு மாடிப்படியைப் பார்த்தான். மறுநாள் ஹெர்குலிஸ் கடைக்குப் போயிற்று!

கடைக்காரர் பெரியவர். அவர் சொன்னதை நீங்களும் குறித்துக்கொள்ளுங்கள். இறுகிய மறைகளைச் சுத்தியலால் அடிக்காதீர்கள்; எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊற விடுங்கள். கழற்றிய ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில் போடுங்கள். பேரிங் குண்டுகளைக் கழுவி, தேய்ந்ததை மாற்றி, புதுக் கிரீஸ் வையுங்கள். சக்கரத்தில் கோட்டம் எடுக்க வேண்டும். டயரும் டியூபும் புதிதுதான். ஆனால் அவசரப்பட்டுப் பெயிண்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள். கம்பெனி எழுத்தும் தங்கக் கோடும் ஒரு தடவை மறைந்தால் மறைந்ததுதான். ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும்.

நான் ஒன்று சேர்த்துச் சொல்லி வைத்தேன்: "கேரியரைத் தேய்க்க வேண்டாம். அப்பா கைபட்ட இடம்."

போன ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, தெரு விழிக்குமுன் ஏறி உட்கார்ந்தேன். 'எடைக்குப் போடு' என்ற அதே மனுஷர் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் வந்து கேரியரைப் பிடித்தார்.

"நான் பிடித்துக்கொள்கிறேன், பயப்படாதே" என்றார்.

"பிடியுங்கள். ஆனால் எங்கே விட்டீர்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள்" என்றேன்.