கணக்கேட்டில் ஒரு கள்ளத்தராசு



நம் சபையில் வளர்ந்து, இப்பொழுது அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் பணிபுரியும் சகோதரர் ஒருவர் சென்ற வாரம் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். “ஐயா, ஓர் ஆகாய விமானத்தினிமித்தம் எனக்காக ஜெபியுங்கள்” என்றார்.

அவருடைய நிறுவனத் தலைவர், தம் அதிகாரிகளின் பயணத்திற்காக ஏழு பேர் அமரக்கூடிய சிறிய ஜெட் விமானம் ஒன்றை, ஏற்கெனவே பிறர் பயன்படுத்தியதை, வாங்க விரும்புகிறார். அது தகுதியானதா என்று மதிப்பிட்டு அறிக்கை தரும் பொறுப்பு நம் சகோதரருக்குக் கொடுக்கப்பட்டது.

விமானம் வைத்திருப்பதையே பாவமென்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் பொதுமக்கள் பயன்படுத்தும் விமான நிலையங்கள் ஏறத்தாழ 5,000 உண்டு. அவற்றில் பயணிகள் விமானச் சேவை உள்ளவை சுமார் 500 மட்டுமே. தொழிற்சாலை ஒரு சிற்றூரில் இருந்தால், சிறிய ஜெட் ஒரு நாள் பயணத்தைச் சில மணி நேரமாகக் குறைத்துவிடும். ஆகவே, கேள்வி நியாயமானதே. அதற்கு விடை தேடும் விதத்தில்தான் சோதனை வந்தது.

பழைய விமானத்தின் விலை வெறும் வாசற்படி என்று அவர் எனக்கு விளக்கினார். குறிப்பிட்ட மணி நேரம் ஓடியபின் எஞ்சின்களை முழுமையாகப் பிரித்துச் செப்பனிட வேண்டும். அந்த எல்லையை நெருங்கிய விமானம் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அதுவே. தயாரான நாள் முதல் செய்யப்பட்ட ஒவ்வொரு பழுதுபார்ப்பும் பராமரிப்புப் பதிவேட்டில் இருக்க வேண்டும்; ஏடுகள் காணாமற்போனால் விமானத்தின் மதிப்பும் சரியும். விற்பவரைச் சாராத பணிமனை ஒன்று, வாங்குமுன் அதைத் திறந்து சோதிக்க வேண்டும். இவையெல்லாம் முடிந்தாலும், விமானிகளின் சம்பளம், அவர்களுடைய பயிற்சி, காப்பீடு, நிறுத்துமிட வாடகை ஆகியவை விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் வந்துகொண்டேயிருக்கும். எனவே, குறைவாகப் பறக்கிறவனுக்கு ஒவ்வொரு மணி நேரமும் அதிகச் செலவாகும்.

சென்ற ஆண்டின் பயணங்களை அவர் கூட்டிப் பார்த்தார். சொந்த விமானம் இருந்திருந்தால் 120 மணி நேரம் பறந்திருக்கும். அந்த அளவுக்கு, வேண்டும்போது வாடகைக்கு எடுப்பதே மலிவு. அப்பொழுது மேலதிகாரி அவரைத் தனியே அழைத்து, “120 என்பதை 350 ஆக்குங்கள். தலைவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்” என்றாராம். அந்த ஓர் எண் மாறினால், மணிக்கணக்கில் பங்கிடப்படும் நிலையான செலவு மூன்றில் ஒரு பங்காகிவிடும், விமானம் நியாயமாகிவிடும்.

எனக்கு 1 இராஜாக்கள் 22-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. ராமோத்தின்மேல் யுத்தத்துக்குப் போக ஆகாப் முன்பே தீர்மானித்துவிட்டான். ஏறக்குறைய 400 தீர்க்கதரிசிகள் அவனுக்கு இசைவாகப் பேசினார்கள். மிகாயாவை அழைக்கச் சென்றவனும், மற்றவர்களைப்போல நீரும் நலமானதைச் சொல்லும் என்றே வேண்டினான். ராஜாவுக்கு வேண்டியிருந்தது ஆலோசனையல்ல, தன் விருப்பத்தின்மேல் ஒரு முத்திரை. மிகாயா அதைத் தரவில்லை. அவனுக்குச் சிறைச்சாலை கிடைத்தது.

கோபுரம் கட்ட மனதாயிருக்கிறவனைப்பற்றி ஆண்டவர் லூக்கா 14:28-இல் சொன்னதை நாம் பலமுறை தியானித்திருக்கிறோம். அவன் முதலில் உட்காருகிறான், பிறகு கணக்குப் பார்க்கிறான், அதன்பின்னரே கட்டலாமா என்று தீர்மானிக்கிறான். கட்டுவதில்லை என்ற முடிவுக்கும் அந்தக் கணக்கில் இடமுண்டு. தீர்மானித்தபின் எழுதப்படும் கணக்கு, கணக்கல்ல, அது பொய்ச்சாட்சி. கள்ளத்தராசைக் கர்த்தர் வெறுக்கிறார் என்று நீதிமொழிகள் 11:1 போதிக்கிறது. தராசு கடைத்தெருவில் மட்டுமல்ல, கணினித் திரையிலும் இருக்கிறது.

இதில் உலகத்தாரிடமும் நாம் கற்கக்கூடியது உண்டு. அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் தம் நிறுவனத்தின் 1989-ஆம் ஆண்டுக்கான கடிதத்தில், 8,50,000 டாலருக்கு வாங்கியிருந்த விமானத்தை விற்று, 67 லட்சம் டாலருக்கு வேறொரு பழைய ஜெட் வாங்கியதைப் பங்குதாரர்களுக்கு அறிவித்தார். அதற்கு அவர் வைத்த பெயரின் பொருள், ‘நியாயப்படுத்த முடியாதது’ என்பது. அந்தச் செலவை நான் புகழவில்லை. ஆனால், தம் ஆசையைக் கணக்கென்று அவர் வேடமிட்டுக் காட்டவில்லை. ஆசையை ஆசை என்றே எழுதினார்.

ஊழியக்காரராகிய நாங்களும் இதற்கு விலக்கல்ல. 2015-இல் அமெரிக்கப் போதகர் ஒருவர் ஆறரைக் கோடி டாலர் பெறும் ஜெட் விமானத்திற்காக விசுவாசிகளிடம் காணிக்கை கேட்டது உலகமறிந்த செய்தி. நம் சபையின் கட்டட நிதியிலும், நம் வீட்டுத் திருமணக் கடனிலும் அதே சோதனை சிறிய அளவில் வருகிறது. முதலில் ஆசை, பிறகு எண்கள், கடைசியில் அவற்றின்மேல் ‘தேவசித்தம்’ என்ற பெயர். இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்பதே என் தாழ்மையான கருத்து.

சகோதரர் என்ன செய்தார்? அறிக்கையில் 120 மணி நேரம் என்றே எழுதினார். அதன்கீழ், 350 என்பது எதிர்பார்ப்பு மட்டுமே, அதற்கு ஆதாரம் இல்லை என்று குறிப்பிட்டுக் கையொப்பமிட்டார். பதில் இன்னும் வரவில்லை. வேலை நிலைக்குமா என்பதும் அவருக்குத் தெரியாது; அங்கே மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உண்டு. இந்த வாரம் குடும்ப ஜெபத்தில் அவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் மேசையிலும் மாற்றச் சொல்லப்பட்ட ஓர் எண் காத்திருக்குமானால், அதையும் தேவசமுகத்தில் வையுங்கள்.

ஜெபம்: உண்மையுள்ள தேவனே, எங்கள் ஆசைகளுக்குச் சாட்சி சொல்லும்படி எண்களை வளைக்காதபடிக்கு எங்கள் கைகளைக் காத்தருளும். உண்மை எழுதியதால் கலங்கி நிற்கிற உம்முடைய பிள்ளைகளுக்குத் துணையாயிரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், பிதாவே. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்