வீணைப் பட்டறைக்கு ஒரு மணி நேரம்!

பிள்ளைகளே! ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கமிருந்து தஞ்சாவூருக்குப் போகும் பள்ளிச் சுற்றுலா பஸ்கள் பெரும்பாலும் பெரிய கோயிலையும் அரண்மனையையும் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகின்றன. எனக்கு இதில் சம்மதமில்லை.

1010-ல் ராஜராஜ சோழன் கட்டி முடித்த கோயிலைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் அதைச் செதுக்கிய சிற்பிகளை நாம் பார்க்க முடியாதே! வீணை செய்பவரை இன்றும் பார்க்கலாம்.

பலா மரத்தைக் குடைந்து குடம் செய்வார்கள். அதிலிருந்து நீளும் தண்டி, நுனியில் யாளி முகம். முழுவதையும் ஒரே மரத்தில் குடைந்தால் அது ‘ஏகாண்ட வீணை’. அப்புறம்தான் கஷ்டமான வேலை. அதற்கு ‘மேளம் கட்டுதல்’ என்று பெயர். தண்டியின் மேல் மெழுகு வைத்து 24 மெட்டுகளைப் பதிக்க வேண்டும். எந்த மெட்டு எங்கே நிற்க வேண்டும்? கம்பியை மீட்டி, காதால் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். உங்கள் ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேலுக்கு அங்கே வேலையில்லை!

தஞ்சாவூர் வீணைக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான். ஆனால் சான்றிதழ் உளி பிடிக்குமா? பட்டறைக்கு வந்து தொழில் கற்கும் இளைஞர்கள் குறைந்துவிட்டார்கள். பார்த்தே இராத வேலையைக் கற்க யாருக்கு ஆசை வரும்?

அடுத்த சுற்றுலாவுக்கு முன்பே உங்கள் ஆசிரியரிடம் கேளுங்கள். பட்டறைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்துவிட்டுப் போனால், ஒரு மணி நேரம் போதும். தலையாட்டி பொம்மை வாங்கக் கடையில் நிற்கிறீர்களே, அவ்வளவு நேரம்தான்!