நாய்க்கு 'டென்டல் ஸ்டிக்' கொடுத்தால் பல் சுத்தமாகுமா? பாக்கெட்டில் எழுதியிருப்பதும் எழுதாததும்!

வீட்டு நாய் கிட்ட வந்து முகத்தை நீட்டினாலே நாற்றம் தாங்க முடியவில்லையா? பெட் ஷாப்பில் இதைச் சொன்னால், பெரும்பாலும் கைக்கு வருவது ஒரு 'டென்டல் ஸ்டிக்' பாக்கெட்தான். தினமும் ஒன்று போட்டால் போதும், பல் தேய்க்கவே வேண்டாம் என்ற நம்பிக்கையில் பலரும் வாங்குகிறார்கள்.

வேப்பேரி பக்கம் இருப்பவர்களுக்குச் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நடந்து போகும் தூரம். ஆனால் துறைமுகத்தை ஒட்டிய காட்டுப்பள்ளியில் இருந்து அங்கே போக 30 கிலோமீட்டருக்கு மேல். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நாயை ஏற்றிக்கொண்டு போய்வர ஒரு நாள் வேலை போய்விடும். இப்படிப்பட்ட இடங்களில் அந்தக் குச்சியே வைத்தியமாக மாறிவிடுகிறது. சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

சுருக்கமான பதில் இதுதான்: பல் நன்றாக இருக்கும் நாய்க்கு டென்டல் ஸ்டிக் ஓரளவு உதவும். ஏற்கெனவே ஈறு கெட்டுப்போன நாயை அது குணப்படுத்தாது.

வாய் ஏன் நாறுகிறது?

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே பல்லின் மேல் பாக்டீரியாக்கள் சேர்ந்து வழவழப்பான ஒரு படலம் உருவாகும். இதுதான் 'பிளேக்'. இதைத் துடைக்காமல் விட்டால், எச்சிலில் உள்ள கால்சியம் சேர்ந்து இரண்டு மூன்று நாளிலேயே இறுகத் தொடங்கும். பல்லில் மஞ்சளாகவும் பழுப்பாகவும் தெரியும் காரை இதுதான்.

வெளியே தெரியும் காரையை விட, ஈறுக்கு அடியில் போகும் பாக்டீரியாதான் ஆபத்து. ஈறு வீங்கும், ரத்தம் கசியும். பிறகு பல்லைப் பிடித்திருக்கும் எலும்பே கரையும். கடைசியில் பல் ஆடி விழும். வலி இருந்தாலும் நாய் சாப்பிடுவதை நிறுத்தாது. அதனால் 'நல்லாத்தானே சாப்பிடுது' என்று வீட்டில் இருப்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். பொமரேனியன் மாதிரி சின்ன நாய்களுக்குப் பற்கள் நெருக்கமாக இருப்பதால் இந்தப் பிரச்சினை இன்னும் அதிகம்.

குச்சி எப்படி வேலை செய்கிறது?

இரண்டு வழிகளில். ஒன்று, உரசல். நாய் மெல்லும்போது குச்சி பல்லின் பக்கங்களில் தேய்ந்து, புதிதாகப் படிந்த பிளேக்கை அகற்றும். இரண்டு, ரசாயனம். சில பிராண்டுகளில் சோடியம் டிரைபாலிபாஸ்பேட் என்ற பொருள் இருக்கும். இது எச்சிலில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் பிளேக் இறுகிக் காரையாவது குறையும்.

கவனியுங்கள்: இரண்டுமே புதிதாகப் படிவதைத்தான் குறைக்கின்றன. கல் மாதிரி இறுகிவிட்ட பழைய காரையைக் குச்சி பெயர்த்து எடுக்காது. ஈறுக்கு அடியிலும் அது போய்ச் சேராது. நாய் மெல்லும் பக்கத்தில் உள்ள கடைவாய்ப் பற்களுக்குப் பலன் அதிகம், முன்பற்களுக்குக் குறைவு.

'80% வரை' என்றால் என்ன அர்த்தம்?

பெடிகிரீ டென்டாஸ்டிக்ஸ் போன்ற குச்சிகளின் விளம்பரத்தில் 'காரை படிவதை 80% வரை குறைக்கும்' என்று பார்த்திருப்பீர்கள். இதில் முக்கியமான சொல் 'வரை'. அது உச்சபட்ச அளவு. எல்லா நாய்க்கும் அதே பலன் கிடைக்கும் என்று அர்த்தமில்லை.

இதுபோன்ற சோதனைகளில் வழக்கமாக நாய்களின் பல்லை முதலில் முழுவதும் சுத்தம் செய்துவிடுவார்கள். பிறகு ஒரு குழுவுக்குக் குச்சி கொடுப்பார்கள், இன்னொன்றுக்குக் கொடுக்க மாட்டார்கள். சில வாரம் கழித்து எந்தக் குழுவுக்குக் காரை குறைவு என்று அளப்பார்கள். அதாவது, ஆரம்பமே சுத்தமான பல். உங்கள் வீட்டு நாயின் பல் அப்படி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

அமெரிக்காவில் 1997-ல் தொடங்கப்பட்ட 'வி.ஓ.எச்.சி' என்ற கால்நடைப் பல் நல கவுன்சில், நிறுவனங்கள் கொடுக்கும் சோதனை முடிவுகளைப் பரிசீலித்து முத்திரை வழங்குகிறது. கவுன்சில் தானாகச் சோதனை நடத்துவதில்லை. இருந்தாலும், வெறும் விளம்பரத்தை நம்புவதை விட இந்த முத்திரையைப் பார்த்து வாங்குவது மேல்.

ஆபத்து எதுவும் இல்லையா?

இருக்கிறது. 'கிரீனீஸ்' என்ற பிரபல டென்டல் ட்ரீட் தொண்டையிலும் குடலிலும் சிக்கி நாய்கள் இறந்ததாக 2006-ல் அமெரிக்காவில் புகார்கள் எழுந்தன. அதே ஆண்டு, சீக்கிரம் உடைந்து கரையும்படி அதன் தயாரிப்பு முறை மாற்றப்பட்டது. மெல்லாமல் 'லபக்' என்று விழுங்கும் நாய்க்கு எந்தக் குச்சியும் ஆபத்துதான். மெல்லாவிட்டால் பல்லுக்குப் பலனும் இல்லை.

அடுத்தது, கலோரி. தின்பண்டங்கள் ஒரு நாள் உணவில் 10%-ஐத் தாண்டக் கூடாது என்பது பொதுவான அளவுகோல். 10 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்குத் தோராயமாக 600 கலோரி தேவை. அப்படியென்றால் தின்பண்டத்துக்கு 60 கலோரிதான். பெரிய சைஸ் குச்சி ஒன்றே இதைத் தாண்டிவிடலாம்.

'பாக்கெட் ஐட்டமே வேண்டாம், எலும்பு போடுறோம்' என்பவர்களும் உண்டு. வெந்த எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கலாம். மீனவக் குடியிருப்புகளில் சாப்பாட்டோடு போடப்படும் மீன் முள்ளும் தொண்டையில் குத்தலாம். மான் கொம்பு, மாட்டுக் குளம்பு போன்ற ரொம்பக் கெட்டியான பொருள்கள் மேல் கடைவாயின் பெரிய பல்லையே உடைத்துவிடும். கட்டை விரல் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழாத எதையும் மெல்லக் கொடுக்கக் கூடாது என்பது கால்நடை மருத்துவர்கள் சொல்லும் எளிய சோதனை.

இந்தியாவில் யார் சரிபார்க்கிறார்கள்?

மனிதர்களின் உணவைக் கண்காணிக்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் சட்டத்தில், 'உணவு' என்ற வரையறைக்குள் விலங்குத் தீவனம் வராது. நாய், பூனை உணவுக்கு பி.ஐ.எஸ் தர நிர்ணயம் (ஐ.எஸ். 11968) இருக்கிறது.

வெளிநாட்டில் இருந்து கப்பலில் வரும், விலங்குப் பொருள் கலந்த பெட் ஃபுட்டுக்கு மத்திய கால்நடைத் துறையின் சுகாதார இறக்குமதி அனுமதி வேண்டும். ஆனால் இந்த அனுமதி, சரக்கோடு சேர்ந்து விலங்கு நோய்கள் நாட்டுக்குள் வராமல் தடுப்பதற்கானது. பல் சுத்தமாகும் என்ற வாக்குறுதி உண்மையா என்பதை உரசிப் பார்ப்பதற்கு அல்ல. துறைமுகத்தைத் தாண்டி வந்த பாக்கெட் என்பதாலேயே அதில் எழுதியிருப்பதெல்லாம் நிரூபணமானது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

அப்போ என்னதான் செய்வது?

* முதலில் உதட்டைத் தூக்கிப் பாருங்கள். பல் வெள்ளையாகவும் ஈறு இளஞ்சிவப்பாகவும் இருந்தால் குச்சி கொடுக்கலாம். நாயின் எடைக்கு ஏற்ற சைஸை வாங்குங்கள். சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் இருங்கள்.
* குச்சியை விடப் பலன் தருவது பிரஷ். தினமும் தேய்ப்பது நல்லது. நாய்க்கான பேஸ்ட் இல்லாவிட்டால், தண்ணீரில் நனைத்த மென்மையான பிரஷ் போதும்.
* நாம் தேய்க்கும் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். அதில் உள்ள ஃபுளோரைடை நாய் விழுங்கிவிடும். சில பேஸ்ட்களில் இருக்கும் 'சைலிட்டால்' நாய்க்கு விஷம்.
* ஈறு சிவந்து ரத்தம் கசிவது, பல் ஆடுவது, ஒரு பக்கமாகவே மெல்வது, முகம் வீங்குவது: இதில் எது இருந்தாலும் குச்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.
* 'மயக்க மருந்தே இல்லாமல் பல் க்ளீனிங்' என்று யாராவது சொன்னால் உஷார். அதில் வெளிப்பக்கம்தான் பளபளக்கும். ஈறுக்கு அடியில் சுத்தம் செய்யவும் எக்ஸ்-ரே எடுக்கவும் மயக்க மருந்து தேவை என்று உலக அளவிலான கால்நடைப் பல் மருத்துவ வழிகாட்டுதல்கள் சொல்கின்றன.

காட்டுப்பள்ளி மாதிரி ஊரில் இருப்பவர்கள் இதற்கென்றே தனியாக வேப்பேரிக்கு அலைய வேண்டியதில்லை. வருடாந்திர வெறிநோய்த் தடுப்பூசிக்கு எங்கே போனாலும், வாயையும் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். குச்சி கொடுத்தும் நாற்றம் போகவில்லை என்றால், பிராண்டை மாற்றிப் பார்ப்பதற்கு முன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.